குளிசைக்குப் பால் ஆகாது

அன்னபாக்கியம் மாமி வருவது கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். பித்தளைச் செம்பும் அளவுப் பேணியும் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம். அதற்கு மேலால் மாமியின் கதை. பதினோராம் வாய்க்காலின் கரையில் ஏறும்போது தொடங்குகிற கதை, கடைசி வீடான எங்கள் படலைக்கு வந்து சேரும்போது பாதிதான் முடிந்திருக்கும். மிச்சத்தை அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். முதல் பாதியைக் கேட்காதவர்களுக்கு ஒன்றும் விளங்காது. மாமிக்கு அதைப்பற்றிக் கவலை இல்லை. 'பேணி ரேடியோ' என்று நான் வைத்த பெயர் வாய்க்கால் வீடுகள் முழுக்கப் பரவி, ஒரு நாள் அவரிடமே போய்ச் சேர்ந்தது.

"ஆரடா எனக்கு ரேடியோ எண்டு பேர் வச்சது?"

"தெரியாது மாமி."

"ரேடியோவுக்குப் பற்றறி போடவேணும். எனக்கு அதுவும் தேவையில்லை. வச்சவனைக் கண்டால் சொல்லிவிடு."

இரணைமடுக் குளத்துக்குக் கீழே காடு வெட்டிக் காணி கொடுத்த காலத்தில், ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, புத்தூரிலிருந்து லொறியில் வந்தவர்கள் மாமியும் புருஷன் ஏரம்பு மாமாவும். லொறியில் ஒரு கட்டில், இரண்டு அண்டா, ஒரு நாகு, நாலு வயது மகள். அந்த நாகின் பிள்ளைகளும் பேத்திகளுமாக இப்போது பட்டியில் ஏழு மாடுகள் நிற்கின்றன. மகள் வந்த முதல் மாரியிலேயே காய்ச்சலில் போய்விட்டாள்.

இதை மாமி சொல்லி நான் அறியேன். எந்த மாட்டுக்கு எப்போது வயிற்றால் போனது என்பதுவரை சொல்லுகிற மாமி இதை மட்டும் சொல்லமாட்டார். என் அம்மாதான் சொன்னார். அப்போது பக்கத்தில் டிஸ்பென்சரி இல்லை. பரியாரி ஒருவர் வந்து நாடி பார்த்து, "பால் ஆகாது, சுடுதண்ணியும் பொரியரிசிக் கஞ்சியும்தான்" என்று பத்தியம் சொல்லிப் போயிருக்கிறார். பிள்ளை பட்டியைப் பார்த்தபடி கிடந்து பால் கேட்டிருக்கிறாள். மாமி பத்தியத்தை முறிக்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அன்றிலிருந்து எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மாமியின் செம்பு கேட்காமலே சரியும். அந்தப் பாலுக்குக் காசு நீட்டினால் பேச்சு வாங்க வேண்டும்.

சந்தியில் டிஸ்பென்சரி வந்தது அறுபதாம் ஆண்டு. டொக்டர் கிடையாது. நோய் பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் அப்போதிக்கரி சிற்றம்பலம் ஐயாதான். இரண்டு வருடம் கழித்து அங்கே ஒரு புதுக் குளிசை வந்தது. ஒரு பாதி மஞ்சள், மறு பாதி செம்மஞ்சள். உள்ளே மஞ்சள் தூள். டெட்ராசைக்கிளின் என்று பெயர். பெயரின் வால்தான் எங்கள் வாயில் தங்கியது. ஆகவே அது சைக்கிள் குளிசை.

அதுவரைக்கும் ஒரு நோய்க்கு ஒரு மருந்து. சைக்கிள் குளிசையோ போகிற வழியெல்லாம் இறங்கி ஏறியது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கினவருக்கும் அதுதான், சலக்கடுப்பில் துடித்தவருக்கும் அதுதான், காலில் புண் பழுத்துக் காய்ச்சல் வந்தவருக்கும் அதுதான். கண் நோய்க்கு அதே மருந்து களிம்பாகக் குழாயில் வந்தது. சனம் மூக்கொழுகும் தடிமனுக்கும் கேட்கத் தொடங்கியது. அப்போதிக்கரி ஐயா கொடுக்கமாட்டார்.

"தடிமனுக்கு இது வேலை செய்யாது. சும்மா குடிச்சால் நாளைக்குத் தேவைப்படேக்க இது உங்களைத் திரும்பியும் பாராது."

வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கமாட்டார். பிள்ளைகளின் பல்லு மஞ்சளாகிவிடும் என்பார். பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுவார்: "வயித்தைப் புரட்டும். பாலோட குடியுங்கோ."

இங்கிலீசு மருந்து சூடு என்பது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சூட்டுக்குக் குளிர்ச்சி பால். ஐயாவே சொல்லிவிட்டார் என்றதும் சைக்கிள் குளிசைக்கும் மாமியின் செம்புக்கும் கலியாணம் முடிந்ததுபோல் ஆகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான், அறுபத்து நாலு கார்த்திகையில், செங்காரி என்ற மாடு காட்டுக்குள் போய்த் திரும்பி வரவில்லை. ஏரம்பு மாமா இரண்டு நாள் பற்றைக்குள் புகுந்து தேடினார். மாடு கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் தொடங்கியது. மண்டையிடி, சிவந்த கண், உடம்பெல்லாம் தடிப்பு. மலேரியாக்காரர் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அது இல்லை என்றார்கள். ஆறாம் நாள் அப்போதிக்கரி ஐயா வந்து சட்டையைக் கழற்றச் சொல்லி அங்கம் அங்கமாகப் பார்த்தார். கக்கத்தில், சுருட்டு நெருப்பால் சுட்டதுபோல ஒரு கறுத்தப் பொருக்கு இருந்தது.

"நோகிறதோ?" என்று கேட்டார்.

"அது கிடக்கிறதே எனக்குத் தெரியாது ஐயா."

"காட்டில கண்ணுக்குத் தெரியாத உண்ணி ஒண்டு கடிச்சிருக்கு. காய்ச்சல் அதாலதான். இதுக்கு எங்கட சைக்கிள் குளிசைதான் மருந்து. ஆறு மணித்தியாலத்துக்கு ஒண்டு, ஏழு நாளைக்கு. ரெண்டு நாளில காய்ச்சல் விழும் பாருங்கோ."

போத்தலில் இருந்தது சரியாக இருபத்தெட்டு. அவ்வளவையும் கொடுத்துவிட்டார். அடுத்த சரக்கு கிளிநொச்சியிலிருந்து வரவேண்டும். அந்தக் கிழமை குளம் நிரம்பி வான் பாய்ந்து, பாலத்துக்கு மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. சரக்கு வரவும் வழியில்லை, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் வழியில்லை.

இரண்டு நாள் போனது. எட்டுக் குளிசை எட்டுப் பேணிப் பாலோடு உள்ளே போயின. காய்ச்சல் விழவில்லை.

எனக்கு அந்த நாட்களில் வலது கண்ணில் நோய். காலையில் பீளை ஒட்டித் திறக்காது. களிம்புக் குழாயை வீட்டுக்குத் தந்துவிடலாம். ஆனால் முன்பு புண்ணுக்குத் தந்த ஊதா மருந்தால் நான் தேத்தண்ணிக்கடை மஹ்றூப் நானாவின் வெள்ளை ஆட்டுக்கு மீசை கீறியிருந்தேன். அதனால் அப்போதிக்கரி ஐயா தன் கையாலேயே பூசுவது என்று முடிவு. தினமும் காலையில் டிஸ்பென்சரியின் மர வாங்கில் போய்க் குந்துவேன். மூன்றாம் நாள் மாமி வந்தபோதும் அங்கேதான் இருந்தேன்.

"ஐயா, விழும் விழும் எண்டியள். மனிசன்தான் விழுந்து கிடக்கு."

அப்போதிக்கரி ஐயா மேசையில் ஒரு கடதாசியை விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு முட்டப் படித்துக்கொண்டிருந்தார். கடைசிச் சரக்கோடு வந்து பெட்டியின் அடியில் கிடந்த துண்டு அது. நிமிர்ந்தபோது முகம் சரியில்லை.

"பாக்கியம், குளிசையை என்னத்தோட குடுக்கிறீர்?"

"பாலோடதான். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம், நான்தான் சொன்னனான். பிழை. புதுசாக் கண்டுபிடிச்சிருக்கினம். பால் சேர்ந்தால் மருந்து உடம்பில ஏறாதாம். இனிப் பாலை நிப்பாட்டும். தண்ணியோட குடும்."

"போன மாதம் பால், இந்த மாதம் தண்ணி. வாற மாதம் என்ன ஐயா, கள்ளோ?"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. எட்டுக் குளிசை என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டார். மாமி தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் காலை மாமி எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்ற வந்தார். கதை இல்லை. பேணி மட்டும் இடிபட்டது. அம்மாதான் கேட்கவேண்டி இருந்தது. அதற்கு மாமி சொன்ன மறுமொழியை நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். கேட்டது வீண்போகக் கூடாது என்று, டிஸ்பென்சரி வாங்கில் போய் இருந்ததும் துவாயைத் தலையில் போட்டு, இடுப்பில் ஒரு கையை வைத்து, மாமியைப் போலவே ஆடிக் காட்டினேன்.

"'அந்தாள் பாலைத்தானே நிப்பாட்டச் சொன்னது, நிப்பாட்டிப்போட்டன். இப்ப மோர்தான். நல்ல பெருங்காயம் போட்டு, ஒவ்வொரு குளிசைக்கும் ஒரு செம்பு மோர். உள்ளுக்கு எரியுது எண்டு மனிசன் கையைக் கையை நீட்டேக்க தண்ணியைக் குடுக்க நான் என்ன கல்லோ?'"

வாங்கு குலுங்கியது. மஹ்றூப் நானா தன் தொடையில் அடித்துச் சிரித்தார். நான் அடுத்த வரிக்கு வாய் திறக்கும்போது மருந்து கொடுக்கிற யன்னல் கதவு படாரென்று திறந்தது.

"என்னடா சொன்னனி? மோரோ?"

"பகிடிக்குச் சொன்னனான் ஐயா."

"பகிடி கிடக்கட்டும். பாக்கியம் மோர் குடுக்கிறாவோ இல்லையோ?"

"குடுக்கிறா. அது நான் கட்டினதில்லை."

ஐயா சாறத்தை மடித்துக்கட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். என் கண்ணுக்கு மருந்து பூசவில்லை. ஆகவே நான் கரியரில் ஏறிக்கொண்டேன்.

நாங்கள் போனபோது ஏரம்பு மாமா கொட்டிலுக்குள் பாயில் கிடந்தார். ஆளைத் தெரியவில்லை. "செங்காரீ, வா, வா" என்று கூரையைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமி, கையில் மூக்குப்பேணி. அதற்குள் இருந்தது என்ன என்று கேட்கத் தேவையில்லை, பெருங்காயம் மணத்தது.

"பாக்கியம், நான் என்ன சொன்னனான்?"

"பால் குடுக்கக் கூடாதெண்டு. ஒரு சொட்டும் குடுக்கேல்லை. பிள்ளையார் அறிய."

"அப்ப இது என்ன?"

"இது மோர்."

"மோர் பாலில்லையோ?"

"மோர் மோர்தான் ஐயா. பாலெண்டால் அதுக்கு ஏன் வேறை பேர் வைக்கப்போயினம்?"

அப்போதிக்கரி ஐயா நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிலத்தில் குந்தினார்.

"இஞ்சை கேளும். பாலில சுண்ணாம்புச் சத்து கிடக்கு. அது இந்த மருந்தைப் பிடிச்சுக் கட்டிப்போடும். கட்டிப்போட்டால் மருந்து இரத்தத்துக்குப் போகாது, குடலோட வெளியால போயிடும். தயிராக்கினாலும் மோராக்கினாலும் அந்தச் சுண்ணாம்பு அங்கைதான் இருக்கும்."

"என்ரை மாட்டுப் பாலில சுண்ணாம்போ!" மாமி எழும்பிவிட்டார். "இவ்வளவு காலம் தண்ணி கூடச் சேர்க்காமல் ஊத்தினனான். ஆர் சொன்னது சுண்ணாம்பெண்டு?"

"வெத்திலைச் சுண்ணாம்பில்லை. எலும்புக்கு நல்லது, பல்லுக்கு நல்லது. இந்தக் குளிசைக்கு மட்டும் சத்துரு. எத்தினை குளிசை மிச்சம்?"

நான் குளிசை இருந்த கடதாசிச் சரையை எடுத்து எண்ணினேன். பதினொன்று.

"பதினேழு மோரோடையும் பாலோடையும் போயிட்டுது. இதுதான் எங்களிட்டை இருக்கிறது. பாலம் திறக்க இன்னும் எத்தினை நாளோ தெரியாது. இதில ஒண்டையும் வீணாக்கேலாது. மனிசன் பால் கேட்டாலும் மோர் கேட்டாலும் குடுக்காதையும். தண்ணி, வெறும் தேத்தண்ணி, கஞ்சி. விளங்குதோ?"

மாமி மூக்குப்பேணியை நிலத்தில் வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"பால் ஆகாது எண்டுறியள்."

அப்போதிக்கரி ஐயா அறுபதில் வந்தவர். அந்தப் பத்தியக் கதை அவருக்குத் தெரியாது. "ஓம், ஆகாது" என்றார்.

எனக்குத் தெரியும். நான் கூரையில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி வெளியே போனார். திரும்பி வரவில்லை என்று நான் போய்ப் பார்த்தேன். பட்டியின் படலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கன்றுகள் எல்லாம் தனியாகக் கட்டிக் கிடந்தன. அந்தக் கன்றுகளை அவிழ்த்துவிட்டு, அவை பாலைக் குடித்து முடிப்பதைப் பார்த்து நான் இரண்டு தரம் மாமியிடம் பூவரசந்தடியால் வாங்கியிருக்கிறேன்.

"எடேய் பாலன்."

"என்ன மாமி?"

"கன்றுகளை அவிட்டு விடு."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும். ரெண்டு நாளைக்குக் கட்டாதே. உறியில இருக்கிற தயிரையும் எடுத்து நாய்க்கு ஊத்து. வீட்டுக்குள்ள ஒரு சொட்டும் இருக்கப்படாது. இருந்தால் நான் குடுத்துப்போடுவன்."

நான் அவிழ்த்துவிட்டேன். அடி விழாமல் கன்று அவிழ்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். அதில் ஒரு ருசியும் இருக்கவில்லை.

அடுத்த இரண்டு நாளும் வாய்க்கால் வீடுகளுக்குப் பால் இல்லை. மஹ்றூப் நானாவின் கடையில் வெறும் தேத்தண்ணிதான். காரணம் தெரிந்ததால் யாரும் முணுமுணுக்கவில்லை. நான் கண்ணுக்கு மருந்து பூசிக்கொண்டு நேரே மாமி வீட்டுக்குப் போய்விடுவேன்; அங்கே விறகு, தண்ணீர் என்று ஏதாவது இருக்கும்.

ஏரம்பு மாமா ஒவ்வொரு குளிசைக்கும் மோர் கேட்டார். மாமி சுடுதண்ணீரை ஆற்றிப் பருக்கினார். அவர் துப்பப் பார்த்தால் வாயைப் பொத்தி விழுங்க வைத்தார். "ஒரு வாய் மோர் தாவன் பாக்கியம்" என்று மாமா கெஞ்சும்போது மாமி எழும்பி வெளியே போய்ப் பட்டியில் வைக்கோல் போடுவார். போட்ட வைக்கோலுக்கு மேலேயே மறுபடி போடுவார். மாடுகளால் தின்று முடிக்க முடியவில்லை.

முதல் நாள் மத்தியானம் மாமா மறுபடி செங்காரியைக் கூப்பிடத் தொடங்கினார். எழும்பிப் போகப் பார்த்தார். மாமியும் நானும் தோளைப் பிடித்து அமத்தினோம். பத்து நாளுக்கு மேல் காய்ச்சலில் கிடந்த மனுசனுக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது. நான் கையை விட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஓடினேன். ஓலைச் செத்தை மறைவில் குந்தி இருந்து, செங்காரியைப் போலக் கத்தினேன். செங்காரி கத்தும்போது கடைசியில் ஒரு சின்ன இழுவை வரும். அதையும் விடவில்லை.

உள்ளே சத்தம் நின்றது. "வந்திட்டுதோ?" என்று மாமா கேட்பது காதில் விழுந்தது.

"வந்திட்டுது. கட்டியிருக்கு. படுங்கோ" என்றார் மாமி.

அன்று பொழுதுபடும் மட்டும் இன்னும் நாலு தரம் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. போகும்போது மாமி படலைவரை வந்தார்.

"செங்காரியிலும் பார்க்க நீ நல்லாய்க் கத்திறாய். நாளைக்கும் வா."

மறுநாள் போனேன். கத்தத் தேவை வரவில்லை. விடியவே உடம்பு வேர்த்துக் கொட்டி, பாய் நனைந்திருந்தது. அப்போதிக்கரி ஐயா காய்ச்சல் குச்சியை வைத்துப் பார்த்து, மறுபடி உதறி வைத்துப் பார்த்தார். பிறகு மாமியிடம் கொடுத்தார். மாமிக்கு அதைப் பார்க்கத் தெரியாது. இருந்தாலும் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"விழுந்திட்டுது, பாக்கியம்."

ஏரம்பு மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இவன் ஏன் இஞ்சை நிக்கிறான்? கன்றைப் பார்" என்றார்.

மாமி கஞ்சி வைக்கப் போனார். அடுப்பு எரியும் சத்தத்தோடு, மூன்று நாளாக நின்றிருந்த கதை மறுபடி தொடங்கியது. எங்கே விட்டாரோ அங்கேயிருந்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பாலம் திறந்து, சரக்கு வந்து, மிச்ச நாளுக்கான குளிசையும் மாமாவுக்குக் கிடைத்தது. கடைசிக் குளிசை முடிந்த மறுநாள், அதாவது மோரை நிறுத்தியதிலிருந்து எட்டாம் நாள் என்று மாமி கணக்குச் சொன்ன நாள், ஒரு பெரிய செம்பு நிறையப் பால் காய்ச்சி மாமாவுக்கு முன்னால் வைத்தார். மாமா முழுவதையும் குடித்து முடிக்கும்வரை அசையாமல் முன்னால் இருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகை என்றார். அடுப்பு அப்போது அணைந்திருந்தது.

அதற்குப் பிறகு மாமியிடம் பால் வாங்குவது இலேசான காரியம் இல்லை. செம்பைச் சரிக்க முன்னர் ஒரு விசாரணை நடக்கும்.

"வீட்டில ஆராவது சைக்கிள் குளிசை குடிக்கினமோ?"

ஓம் என்றால் அந்த ஆளுக்கான பால் குறைக்கப்படும். இல்லை என்று பொய் சொன்னால், அப்போதிக்கரி ஐயாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு மறுநாள் வந்து ஏசுவார். "குளிசைக்கு முன்னாலயும் பின்னாலயும் ரெண்டு மணித்தியாலம் விட்டால் குடிக்கலாம் பாக்கியம்" என்று ஐயா சொல்லிப் பார்த்தார். மாமியிடம் மணிக்கூடு இல்லை. ஆகவே ஏழு நாளும் இல்லை என்பதே சட்டம். மஹ்றூப் நானாவின் கடைக்குப் போனால் வாசலில் நின்றே கத்துவார்:

"இஞ்சை ஆருக்காவது நெஞ்சுச் சளி, சலக்கடுப்பு, பழுத்த புண்? கையைத் தூக்குங்கோ!"

"அக்கா, சனம் தேத்தண்ணி குடிக்க வந்திருக்கு" என்பார் மஹ்றூப் நானா.

"தம்பி, நீங்கள் சும்மா இருங்கோ. மோர் எண்டாலும் பால்தான், தெரியுமோ?"

ஆனால் குளிசை குடிக்கிற வீடுகளை மாமி மறந்துவிடமாட்டார். எட்டாம் நாள் கேட்காமலே அந்த வீட்டுக்கு ஒரு செம்பு போகும். பதினோராம் வாய்க்காலில் நோய் மாறிச் சுகமாகிவிட்டது என்பதற்கு இப்போது அதுதான் அடையாளம். 'எட்டாம் நாள் பால் வந்திட்டுதோ?' என்றுதான் சுகம் விசாரிப்பார்கள்.

அடுத்த மாதம் எனக்கு மற்றக் கண்ணிலும் நோய் வந்தது. மறுபடி களிம்பு. மாமி படலையில் நின்று என் கண்ணைப் பார்த்தார். செம்பை இடுப்புக்குத் திருப்பிக்கொண்டார்.

"மாமி, இது கண்ணில பூசுற மருந்து."

"சைக்கிள் மருந்தோ இல்லையோ?"

"ஓம். ஆனால் வாயால போகேல்லையே."

"கண் உன்ரை உடம்பிலதானே கிடக்கு?"

"அப்போதிக்கரி ஐயாவைக் கேளுங்கோ, பால் குடிக்கலாம் எண்டுதான் சொல்லுவார்."

"அவர் முந்தியும் அப்பிடித்தான் சொன்னவர். உன்ரை பேரிலயே பால் கிடக்கு, ஏழு நாளைக்கு அது காணும்."

ஏழு நாள் வெறும் தேத்தண்ணி குடித்தேன். எட்டாம் நாள் விடிய, நான் எழும்ப முன்னரே, படலையில் பேணி இடிபடும் சத்தம் கேட்டது.